பிக்காயி எடுத்தாண்ட பைபிள்

எங்களூரில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்தான். குர்ஆனோ யூதரையும் சேர்த்தே வேதத்தையுடையோர் என்கிறது. தௌராத், ஸபூர், இன்ஜீல் மூன்றும் இறைவன் அருளியவை என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஆனால் யூதர், கிறிஸ்தவர் கையிலிருக்கும் நூல் அதுதானா? மாற்றப்பட்டது எழுத்தா, அல்லது எழுத்துக்குச் சொல்லப்பட்ட பொருள் மட்டுமா? இதில் முஸ்லிம் அறிஞர்கள் ஒருமித்ததில்லை.

15ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் இந்தக் கேள்வி ஒரு மனிதரைப் படாதபாடு படுத்தியது. அல்-பிக்காயி, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் 1406 அளவில் பிறந்தவர். சிறுவயதில் ஊர்ப்பகைக்குத் தகப்பனைப் பறிகொடுத்து டமாஸ்கசுக்கு இடம்பெயர்ந்தவர். (இதனாலேயே எங்களுக்கு அவர்மீது ஓர் ஒட்டுதல்.) 1456இல் தொடங்கிய தனது குர்ஆன் விரிவுரையில், நபிமார் வரலாறு வருமிடங்களில் செவிவழிக் கதைகளை நாடாமல், பைபிளின் அரபு மொழிபெயர்ப்பிலிருந்தே நீளநீளமாக எடுத்தெழுதினார்.

எதிர்ப்புக் கிளம்பியது. அப்படி எடுத்தாள்வது ஹராம் என்று சகாவி என்ற அறிஞர் தனிநூலே எழுதினார். பிக்காயியும் விடவில்லை. பழைய வேதங்களை எடுத்தாளலாம் என்று வாதாட அவரும் ஒரு நூல் எழுதினார்.

ஆனால் அவரை முழுக்கப் பரந்த மனத்தினராக்கிவிட எங்களால் முடியவில்லை. சூஃபிக் கவிஞர் இப்னுல் ஃபாரிதின் பாடல்களை மதவிரோதம் என்று தாக்கியவரும் இதே மனிதர்தான். அந்தச் சச்சரவுக்குப் பின் கெய்ரோவில் அவருக்கு இருப்பிடமில்லாமற் போனது. 1480இல் டமாஸ்கசில் இறந்தார்.