ஆபரேஷன் மேஜையில இருந்து வந்த சித்திரப் பெட்டி

பழைய மரப்பெட்டியைப் பாத்ததும் நம்மாளுங்க கை உப்புத்தாளைத்தான் தேடும். மூடியில சூடு வெச்சு வரைஞ்ச படம் இருந்தா, கொஞ்சம் பொறுங்க சாமி!

1870-கள்ல பக்லான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்த ஒரு கருவி செஞ்சார். உள்ளீடு இல்லாத பிளாட்டின முனை. அதைத் தீயில காட்டிட்டு, ரப்பர் பல்பை அமுக்கி பென்சைன் ஆவியை உள்ளே அனுப்பினா தணியாம கனன்றுக்கிட்டே இருக்கும். (கத்தாம இருந்தவங்களுக்குக் கோயிலே கட்டலாம்!) அதே சமாச்சாரம்தான் மரத்துல வரையவும் வந்துச்சு. 1900 வாக்குல அமெரிக்க வீடுகள்ல இது ஒரு பைத்தியமாவே பரவிச்சு. நியூயார்க்கோட ஃபிளெமிஷ் ஆர்ட் கம்பெனி, படம் அச்சடிச்ச பெட்டிகளை வித்தது. கோட்டு மேல சுடறது வாங்கினவங்க வேலை.

அதனால படம் கம்பெனியோடது. நடுங்கின கோடும், அழுத்திக் கருகின புள்ளியும் பேர் தெரியாத யாரோ ஒருத்தரோடது. அந்தச் சூடு ரொம்ப ஆழமா இறங்கியிருக்காது. தேய்ச்சா முதல்ல போறது அதுதான்.

நல்லா பிழிஞ்ச துணியால துடைச்சு, கழண்ட கீலை மாட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது. புதுசா வரைய ஆசையா? பழைய பெயிண்ட் மேல சுடாதீங்க, ஈயம் இருக்கலாம். உளுத்த பலகைக்குப் பதிலா போடற புதுப் பலகையில வரைங்க.