கண்ணாடியில் ஒட்டிய எண்ணும் தொட்டியில் தீரும் எண்ணெயும்

அமெரிக்காவில் புதிய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர் விலைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது அதன் சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைத்தான். ஒரு கேலன் பெட்ரோலுக்கு நகரச் சாலையில் எத்தனை மைல், நெடுஞ்சாலையில் எத்தனை மைல் ஓடும் என்று அரசாங்கத்தின் பெயரால் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கி ஆறு மாதம் ஓட்டியபின் எண்ணெய் நிலைய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கு அந்த எண் வருவதில்லை. படகையோ குதிரை வண்டியையோ பின்னால் கட்டி இழுப்பவருக்குப் பாதி கிடைத்தாலே பெரிது.

தயாரிப்பாளர் ஏமாற்றிவிட்டார் என்பது முதல் கோபம். அரசாங்கமும் அதற்கு உடந்தை என்பது அடுத்த கோபம். ஆனால், இந்த இடைவெளிக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த எண்ணைத் தரும் சோதனை, சுமை ஏற்றும் வண்டியை மனத்தில் கொண்டு உருவானதல்ல. அந்த எண்ணுக்கு வரம்பு விதித்த சட்டமோ, தொடக்கம் முதலே பிக்கப் டிரக்கைத் தனிப் பந்தியில் உட்கார வைத்தே பரிமாறி வந்திருக்கிறது.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டபோது, இஸ்ரேலுக்குத் துணை நின்ற அமெரிக்காவுக்கு எண்ணெய் தர அரபு நாடுகள் மறுத்தன. பீப்பாய்க்கு ஏறக்குறைய 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. எண்ணெய் நிலையங்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன், நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்ற வேக வரம்புக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதையடுத்து 1975 டிசம்பர் 22ஆம் தேதி அதிபர் ஃபோர்டு எரிசக்திச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி, 1985ஆம் ஆண்டுக்குள் கேலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும் என்றது அச்சட்டம். லிட்டர் கணக்கில் அது சுமார் 11.7 கிலோமீட்டர். சன்னல் தாளைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான்.

இந்த 27.5 என்ற இலக்கு கார்களுக்கு மட்டுமே. விவசாயியும் தச்சரும் குழாய் வேலை செய்பவரும் பிழைப்புக்காக ஓட்டும் வண்டியைக் காரோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது அன்றைய வாதம். டிரக்குகளுக்குப் போக்குவரத்து அமைச்சு தனியே அளவு நிர்ணயிக்கும் என்று விடப்பட்டது. 1979 மாடல் வண்டிகளுக்கு முதன்முதலாக அளவு வந்தபோது இருசக்கர இயக்கம் கொண்டவற்றுக்கு 17.2 மைல், நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றுக்கு 15.8 மைல் என்று வைக்கப்பட்டது. அன்றைய நிலையில் அது நியாயமான சலுகையே. உழைப்பவன் கருவிக்குக் காட்டிய இரக்கம் என்றும் சொல்லலாம்.

அந்த இரக்கத்தின் எல்லைக்கோடு எடையில் போடப்பட்டது. அங்கேதான் வினை தொடங்கியது. சுமையோடு சேர்த்து 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக இருந்தன. வினையூக்கிப் புகைவடிகட்டி பொருத்த வேண்டும். ஈயம் கலக்காத பெட்ரோலையே ஊற்ற வேண்டும். ஃபோர்டு நிறுவனம் 1975 மாடலாக எஃப்-150 என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 6,000 பவுண்டைச் சற்றே தாண்டியிருந்தது. தற்செயலாக நடந்ததல்ல அது. பின்னாளில் அமெரிக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒரு வண்டி, சட்டத்தின் வேலியைத் தாண்டுவதற்காக எடை கூட்டப்பட்டுப் பிறந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1977ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகளுக்கு, அந்நாட்டில் ஆக அதிகமாக விற்ற டிரக் வரிசை ஃபோர்டின் எஃப் வரிசைதான்.

எரிபொருள் அளவுக்கான எல்லை 1980 மாடல்களிலிருந்து 8,500 பவுண்டுக்கு, சுமார் 3,855 கிலோவுக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு இலக்கும் இல்லை, சன்னல் தாளில் எரிபொருள் எண்ணும் இல்லை. ஆக அதிகமாக எண்ணெய் குடிக்கும் வண்டியை வாங்குகிறவருக்குத்தான் அது எவ்வளவு குடிக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை!

சிறிய, சிக்கனமான பிக்கப் டிரக்குகள் அப்போது இல்லாமல் இல்லை. ஜப்பானிலிருந்து வந்தவை அமெரிக்கச் சாலைகளில் ஓடின. ஆனால் அவற்றின் வழியில் ஒரு கோழி குறுக்கே நின்றது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பியப் பொதுச் சந்தை வரியை ஏற்றியதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தார். பின்புறத் தொட்டியைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் அறையையும் அடிச்சட்டத்தையும் மட்டும் கொண்டுவந்தால் வரி 4 விழுக்காடுதான் என்ற சந்து ஒன்று இருந்தது. 1980இல் அந்தச் சந்தும் அடைக்கப்பட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டாலும் வரி மட்டும் நிலைத்துவிட்டது. உள்ளூர்ப் பெரிய பிக்கப்புகளுக்கு அது நல்ல நிழலாக அமைந்தது.

இனி அந்த எண்ணைப் பெற்றெடுக்கும் சோதனைக்கு வருவோம். வண்டி சாலையில் ஓட்டப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, திரையில் தெரியும் கோட்டைப் பின்பற்றி ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். நகரச் சோதனையின் மூலம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பயணப் பாதை. அடிப்படை ஓட்டம் 7.5 மைல் தூரம். 1,372 விநாடி நேரம். சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். நெடுஞ்சாலைச் சோதனை 10.26 மைல் தூரம். சராசரி வேகம் 78 கிலோமீட்டர். உச்ச வேகமோ 96 கிலோமீட்டர்தான். நிக்சன் கால வேக வரம்பின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். அறையில் மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, கடுங்குளிர் இல்லை. குளிர்சாதனம் இயங்காது. சுமை என்று கணக்கில் கொள்வது 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. இரண்டு ஆட்கள் ஏறினால் அது முடிந்துவிடும். பின்தொட்டியில் ஒரு சிமெண்டு மூட்டைக்குக்கூட இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. நகரச் சோதனை எரிபொருளை அளக்கப் பிறந்ததே அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு காரணம் என்று அறியவே அது உருவானது. புகையில் உள்ள கரியைக் கணக்கிட்டு, எரிந்த பெட்ரோலின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அறிவியல்படி அதில் பிழையில்லை. ஆனால், எந்தப் பயணத்தின் கரி அது என்பதுதான் கேள்வி.

வாகனமோட்டிகளின் புகார்கள் குவிந்ததால் 1985 மாடல்களிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. சோதனை மாறவில்லை, முடிவில் நகர எண்ணிலிருந்து 10 விழுக்காட்டையும் நெடுஞ்சாலை எண்ணிலிருந்து 22 விழுக்காட்டையும் கழித்துவிட்டு ஒட்டுத்தாளில் அச்சிட்டார்கள். கழிக்காத பழைய எண்ணோ நிறுவனங்களுக்கான சட்டக் கணக்கில் அப்படியே நீடித்தது. வாங்குபவருக்கு ஒரு கணக்கு, அரசாங்கத்துக்கு வேறொரு கணக்கு. ஏட்டில் 20 மைலைத் தாண்டிய டிரக், தாளில் 17, 18 மைலாக நிற்பதற்கு இதுவே காரணம்.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. சிக்கனம் என்ற பேச்சும் சரிந்தது. டிரக்குகளுக்கான சராசரி 1996 முதல் 2004 மாடல்கள் வரை 20.7 மைலிலேயே அசையாமல் நின்றது. அளவை உயர்த்தும் வேலைக்குப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கட்டளை போட்டிருந்தது. 1995இல் தேசிய வேக வரம்பும் நீக்கப்பட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவது. 55 மைல் வேகத்தில் உள்ள எதிர்ப்பைக் காட்டிலும் 75 மைல் வேகத்தில் அது ஏறக்குறைய 86 விழுக்காடு அதிகம். உயரமான மூக்கும் திறந்த தொட்டியும் கொண்ட பிக்கப்புக்கு அந்த அடி பலமாகவே விழும். பின்கதவைத் திறந்து போட்டால் காற்று தடையில்லாமல் போய் எண்ணெய் மிச்சமாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது வெறும் நம்பிக்கைதான். மூடிய கதவுக்குள் சுழலும் காற்றே மெத்தைபோல் அமைந்து, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்பிவிடுகிறது.

இதே காலத்தில்தான் பிக்கப் டிரக் குடும்ப வண்டியானது. நான்கு கதவுகள், தோல் இருக்கைகள், பிள்ளைகளுக்குப் பின்னிருக்கை என்று வசதிகள் பெருகின. சட்டத்தின் கண்ணில் அது இன்னமும் தச்சரின் கருவி. ஓட்டியவர்களில் பலரோ அலுவலகம் போகிறவர்கள். 2003ஆம் ஆண்டின் வரிச் சட்டம் 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்காக வாங்கினால் 100,000 டாலர் வரை ஒரே ஆண்டில் கழித்துக்கொள்ள இடம் தந்தது. எடை கூடக் கூடச் சலுகையும் கூடுவது இங்கும் தொடர்ந்தது.

2008 ஜூனில் பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டின் மாடல்களிலிருந்து ஒட்டுத்தாளுக்கு ஐந்து சோதனைகளின் அடிப்படையில் கணக்கிடும் முறை வந்தது. 80 மைல் வேகம் வரை விரட்டி ஓட்டுவது, 35 பாகை வெப்பத்தில் குளிர்சாதனத்தோடு ஓட்டுவது, உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் ஓட்டுவது ஆகியவை சேர்க்கப்பட்டன. எண்கள் உண்மைக்கு அருகில் வந்தன. ஆயினும் சுமையும் இழுவையும் அப்போதும் சேரவில்லை. சோதனைக்கு நெடுங்காலம் தூய பெட்ரோலையே ஊற்றினார்கள்; அமெரிக்க நிலையங்களில் கிடைப்பதோ பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்தது. அதிலேயே 3 விழுக்காடு போய்விடும்.

அதன் பின் வந்த பொறியியல் மாற்றங்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2011இல் எஃப்-150 வண்டிக்கு இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் இயந்திரம் வந்தது. 2015இல் அலுமினிய உடல் வந்து எடை 700 பவுண்டு வரை குறைந்தது. எனினும் டர்போ இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக ஓட்டினால் சின்ன இயந்திரம்போல் குடிக்கும். மிதித்து ஓட்டினாலோ சுமை இழுத்தாலோ பெரிய இயந்திரம்போல் குடிக்கும். ஆய்வுக்கூடம் பெரும்பாலும் முதல் முகத்தையே பார்க்கிறது. வண்டிக்காரர் பார்ப்பது இரண்டாவது முகம்.

வண்டிக்காரரின் கணக்கும் எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டினால், சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் போகும். தூரமானி அதை அறியாமல் குறைவாகவே காட்டும். அப்போது எண்ணெய்ச் செலவு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். தொட்டியை முழுதாக நிரப்பி, ஓடி, மீண்டும் முழுதாக நிரப்பிப் பல தடவை கணக்கெடுத்தால்தான் ஓரளவு நம்பலாம்.

மைல் கணக்கே மனத்தை ஏமாற்றும் என்று 2008இல் டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் ஆகிய இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 10,000 மைல் ஓடும் வண்டி 10 மைலிலிருந்து 12 மைலுக்கு உயர்ந்தால் 167 கேலன் மிச்சம். 30 மைல் தரும் கார் 40 மைலுக்கு உயர்ந்தால் 83 கேலன்தான் மிச்சம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் 10 மைல் முன்னேற்றத்தைவிட, அற்பமாகத் தெரியும் 2 மைல் முன்னேற்றம் இரு மடங்கு பெறும். பிக்கப்பில் குறையும் ஒவ்வொரு மைலும் பணப்பையை அவ்வளவு கடிப்பது இதனால்தான். 2013 மாடல்களிலிருந்து ஒட்டுத்தாளில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சிடப்படுகிறது.

ஹைலக்ஸ், டிரைட்டன் ஓட்டும் மலேசியருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. உதவித்தொகை கிடைக்காத ஒருவர் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் என்று நம்பியிருந்தால், விலை உயர்வால் கூடும் செலவு 2,400 ரிங்கிட். சாலையில் உண்மையில் 8 கிலோமீட்டர்தான் என்றால் 3,000 ரிங்கிட். நடுவில் நிற்கும் அந்த 600 ரிங்கிட், நம்பிய எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள தூரம்.

அமெரிக்காவில் 2011 மாடல்களிலிருந்து, நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைப் பொறுத்து இலக்கு வைக்கும் முறை கார், டிரக் எல்லாவற்றுக்கும் நடைமுறையில் இருக்கிறது. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். 2022 மாடலாக வந்த ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் என்ற சிறிய பிக்கப், நகரில் 42 மைல் தரும் என்று தாளில் அச்சிட்டு வந்தபோது பலர் வியந்தார்கள். 2025 ஜூலை 4ஆம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், எரிபொருள் இலக்கை எட்டாத நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. இலக்குகள் ஏட்டில் இருக்கின்றன; தவறினால் கட்ட வேண்டிய தொகைதான் இல்லை. 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப் டிரக்குகளுக்கோ 2014 மாடல்களிலிருந்து தனி இலக்கு வந்தபோதிலும், அவற்றின் சன்னல் தாளில் மட்டும் அந்த எண்ணுக்கு இன்னும் இடமில்லை.