நம்மவனா, பகைவனா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் சாலையில் பாலுச்செட்டி சத்திரத்துக்கு அருகே திருப்புட்குழி என்ற சிற்றூர் இருக்கிறது. 'புள்' என்றால் பறவை. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்பது தலபுராணம். திருமங்கையாழ்வார் பாடிய விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் அங்கே உண்டு. இதே பெருமையைச் சோழ நாட்டுப் புள்ளபூதங்குடியும் கொண்டாடுகிறது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆகாய யுத்தங்களின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜடாயுவின் ஞாபகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வால்மீகியின் கதையில் இராமன் ஜடாயுவை இரண்டு தடவை பகைவன் என்று சந்தேகிக்கிறான். பஞ்சவடிக்குப் போகும் வழியில் அந்தப் பெரும் பறவையைக் கண்டதும், அரக்கனோ என்று எண்ணி, "நீ யார்?" என்று கேட்கிறான். தந்தையின் நண்பன் என்று தெரிகிறது. இரண்டாவது தடவை, இராவணனுடைய ஆகாயத் தேரை நொறுக்கிவிட்டுச் சிறகறுந்து இரத்த வெள்ளத்தில் ஜடாயு கிடக்கிறான். சீதையைத் தின்ற அரக்கன் இவனே என்று இராமன் அம்பைத் தொடுத்தே விடுகிறான்! சந்நியாசி வேஷத்தில் வந்த இராவணனோ காரியத்தை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானங்களுக்கு வர்ணம் பூசியவர்களுக்கும் இதே சங்கடந்தான். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஸ்மிட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தில் பச்சை அல்லது சாம்பல் நிறம். அடிப்புறத்தில் வெளிர் நீலம். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது தரையோடு தரையாகத் தெரியவேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு வானமாகத் தெரியவேண்டும். ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போனால் மேற்புறம் மணல் நிறமாகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்த விமானத்தின்மீது, இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளையில் பெரிய சிலுவை போட்டார்கள், வாலிலே ஸ்வஸ்திகம். ருஷ்யப் போர்முனையில் உடலைச் சுற்றி மஞ்சள் பட்டை. மத்தியதரைக் கடல் பக்கத்தில் வெள்ளைப் பட்டை. ஒளித்து வைத்ததை ஊருக்குக் காட்டிக்கொடுப்பானேன்?

காரணம் இருந்தது. 1939 செப்டம்பர் 6-ந் தேதி, பிரிட்டன் யுத்தத்தில் இறங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் விமானங்கள் சொந்த நாட்டு வானத்திலேயே இரண்டு பிரிட்டிஷ் ஹரிகேன்களைச் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒரு வாலிப விமானி மாண்டான். பகைவனின் குண்டு அவன்மேல் படவேயில்லை. 1944 ஜூன் 6-ல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டார் தங்கள் விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டியதும் இந்தப் பயத்தினால்தான். யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஜெட் விமானத் தளங்களைக் காத்துநின்ற சில ஜெர்மன் விமானங்களுக்கு அடிப்புறம் முழுவதும் சிவப்பு. அதில் வெள்ளைக் கோடுகள். தங்கள் பீரங்கிக்காரர்களே சுட்டுவிடக் கூடாதே!

நம் பக்கத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பு, மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ந் தேதி திரிகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். ஜப்பானிய விமானத்தின் அடையாளம் செக்கச் சிவந்த வட்டம். பிரிட்டிஷ் அடையாளத்திலும் நீலம், வெள்ளை, நடுவே சிவப்பு வட்டம். கண் இமைக்கும் நேரத்தில் குறுக்கே பாயும் விமானத்தில் கண்ணுக்குப் படுவது அந்தச் சிவப்பு ஒன்றுதான். ஆகவே இந்தப் போர்முனையில் சிவப்பையே அழித்துவிட்டார்கள். கரு நீலமும் இள நீலமுமான வட்டம் வந்தது. பிறகு இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகளும் சேர்ந்தன.

1944-ல் இம்பால் போரின்போது, அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப் படையின் முதலாம் பிரிவு ஹரிகேன்களில் பறந்தது. அவற்றின் மீதும் அந்நியன் தீட்டிய அந்த வட்டந்தான் இருந்தது. கீழே, ஜப்பானியரோடு மூவர்ணக் கொடி பிடித்து வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழர்கள் பலர் அந்தச் சேனையில் சேர்ந்திருந்தார்கள். மேலே இருந்தவனும் இந்தியன், கீழே இருந்தவனும் இந்தியன். இருவரும் தாய்நாட்டுக்காகவே வந்ததாக நினைத்தார்கள். யார் நம்மவன், யார் பகைவன் என்று எந்த வர்ணத்தைப் பார்த்துச் சொல்வது?

சுதந்திரம் வந்தபின் நம் விமானங்களில் அசோகச் சக்கரம் ஏறியது. 1950-ல் நாடு குடியரசான பிறகு மூவர்ண வட்டம் வந்தது.

விமானிகளுக்கு உதவியாக அந்த யுத்தத்திலேயே ஒரு கருவியும் பிறந்தது. ரேடார் அலை வந்து தொட்டதும், "நான் உங்களவன்" என்று அது தானாகவே பதில் அனுப்பிவிடும். யோசித்துப் பார்த்தால், இராமன் தொடுத்த அம்பு புறப்படாமல் நின்றதும் ஒரு பதிலால்தான். சாகும் தறுவாயிலும் ஜடாயு வாய் திறந்து பேசினான். இராமனும் நின்று கேட்டான். அந்தப் பறவைக்கு அவன் மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைத்தான் என்பதைத்தான் திருப்புட்குழி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.