பிளஸ் ஒன் சைக்கிளும் கணக்குல வராத அரை மணி நேரமும்

நாள் முழுக்க சேர்ல உட்கார்ந்து கோட் அடிக்கிற ஆளு நான். மணிக்கொரு தடவை என் வாட்ச் "எழுந்து நில்லு"ன்னு அதிரும். பிளஸ் ஒன் படிக்கும்போது இப்படிச் சொல்ல யாரும் தேவைப்படல. கவர்ன்மென்ட் சைக்கிள் இருந்துச்சு. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் மூணு கிலோமீட்டர்.

அந்த சைக்கிளோட கதைதான் இன்னைக்கு.

1991-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்துச்சு. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கிறதோட பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக்கொடுத்தாங்க. கேலி பண்ணினவங்க இருந்தாங்க, இவங்க நிறுத்தல. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. முன்னாடி பார்ல குழந்தையை உட்கார வச்சுக்கலாம், அதுவே வசதின்னு சொன்ன பெண்களும் உண்டு. எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பத்து வருஷம் கழிச்சு, 2001-ல ஜெயலலிதா ஆட்சியில, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்துச்சு. அப்புறம் பசங்களுக்கும், மற்ற சமூகத்து மாணவர்களுக்கும் விரிஞ்சுது. பீகார் 2006-ல ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு இதே மாதிரி ஆரம்பிச்சுது. அதை ஆய்வு பண்ணின கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில சேர வேண்டிய வயசுல சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடினதா சொல்றாங்க.

கவனிங்க, இங்க எண்ணினது எல்லாமே படிப்பு. படிப்பு நிக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம், அது சரிதான். ஆனா உடம்புக்கு என்ன ஆச்சுன்னும் ஒரு கணக்கு போடலாம். 5-லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் உடல் உழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016 நிலவரப்படி, உலகத்துல 11-17 வயசுக்காரங்கள்ல 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடல. மூணு கிலோமீட்டரை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துல மிதிச்சா 15 நிமிஷம். போக வர 30. தேவையில பாதி! பி.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டாலும் இதை எடுக்க முடியாது. பஸ் பாஸ்ல போனவங்களும் ஸ்டாப் வரைக்கும் நடந்தாங்க, அதையும் சேர்த்துக்கணும்.

சென்னையில இருக்கிற என் அக்கா பொண்ணு இப்போ பத்தாவது. ஸ்கூல் ரெண்டே கிலோமீட்டர். வேன் ஊரெல்லாம் சுத்தி ஏத்திட்டுப் போக 40 நிமிஷம் ஆகும். "நான் சைக்கிள்ல போறேம்மா"ன்னு கேட்டா. அக்கா முடியாதுன்னுட்டாங்க. அவங்க பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். நெதர்லாந்துலயும் இந்தப் பயம் இருந்துச்சு. 1971-ல அங்க சாலை விபத்துல செத்த குழந்தைகள் மட்டும் 400-க்கும் மேல. அடுத்த வருஷம் "குழந்தைக் கொலையை நிறுத்து"ங்கிற பேர்லயே ஓர் இயக்கம் தொடங்கி, ரோட்டை மாத்தச் சொல்லித் தெருவுல இறங்கினாங்க. இங்க நாம குழந்தையை வேன்ல ஏத்திட்டோம்.

போன ஞாயித்துக்கிழமை காலைல அவளும் நானும் அந்த ரூட்டை ஓட்டிப் பார்த்தோம். பதினோரு நிமிஷம். நடுவுல ஒரு பெரிய ஜங்ஷன். அங்க இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் கடந்தோம். "இது ஒண்ணுதான் மாமா பிரச்சினை"ன்னா. அந்த வீடியோவை இன்னும் அக்காகிட்ட காட்டல.