செயப்பாட்டுவினையில் எழுதப்பட்ட சாலை

லே நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. ஏறினால் கர்துங் லா வரும். மோட்டார் சைக்கிளில் அங்கே சென்றடையும் எவரும் முதலில் செய்வது, அங்குள்ள பலகையின் முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதுதான். உலகிலேயே உயரமான வாகனச் சாலை இது என்றும், இதன் உயரம் 18,380 அடி என்றும் அப்பலகை பல ஆண்டுகளாக அறிவித்து வந்தது. பிற்கால அளவீடுகளின்படி கணவாயின் உயரம் சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. கூடுதலாகச் சொல்லப்பட்ட ஏறக்குறைய 240 மீட்டர் ஒரு சிறு பிழைதான். ஆனால் அப்பிழை அந்தச் சாலையின் வரலாறு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று. உயரத்தைச் சொல்ல அங்கே ஒரு பலகை உண்டு. சாலையை இட்டவர் யார் என்பதைக் கேட்பார் அரிது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். திபெத்திய மொழிக் குடும்பத்தில் 'லா' என்றால் கணவாய். 'கர்துங் லா கணவாய்' என்று எழுதுவது நம் பேச்சு வழக்கின் 'நடு சென்டர்' போன்றது. ஒரே பொருள் இருமுறை வருகிறது. 'லடாக்' என்னும் பெயருக்கும் கணவாய்களின் நாடு என்றே பொருள் கூறுவர். 'இமாலயம்' என்பதன் இறுதியில் ஒலிக்கும் 'லய'த்துக்கும் இந்த 'லா'வுக்கும் தொடர்பில்லை. அது பனியின் உறைவிடம் என்னும் வடமொழிக் கூட்டுச்சொல். தொலைவிலிருந்து பார்த்தவர்கள் அம்மலைகளைப் பனியால் பெயரிட்டார்கள். உள்ளே வாழ்ந்தவர்களோ தம் நிலத்தை வழிகளால் பெயரிட்டார்கள். மலை அவர்களுக்குக் காட்சியாக இருப்பதற்கு முன்பே கடந்தாக வேண்டிய இடமாக இருந்தது.

அவ்வழிகளில் பல நூற்றாண்டுகள் வணிகம் நடந்தது. லேயிலிருந்து கர்துங் லாவைக் கடந்து நூப்ரா பள்ளத்தாக்கில் இறங்கி, சாசேர் லா, காரகோரம் கணவாய் வழியே யார்க்கந்து வரை வணிகக் கூட்டங்கள் சென்றன. குதிரைகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் பட்டு, கம்பளம், பருத்தித் துணி, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைச் சுமந்தன. 1949ஆம் ஆண்டையொட்டி அரசியல் மாற்றங்களால் எல்லை மூடப்பட்டது, வணிகமும் நின்றது. இன்று ஹுந்தர் மணல்மேடுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒட்டகங்கள் அந்த வணிகத்தின் எச்சங்களே.

வணிகவழி அடைபட்ட பின்னர் வந்தது போர்வழி. சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலையை அக்சாய் சின் வழியாகச் சீனா 1957இல் முடித்தது. எல்லையில் படைகளை நகர்த்தச் சாலை வேண்டும் என்ற நெருக்கடி இந்தியாவுக்கு ஏற்பட்டது. 1960ஆம் ஆண்டு மே 7 அன்று எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியது. 1962 போர் அந்த நெருக்கடியை மேலும் கூர்மையாக்கியது. லடாக்கின் சாலைப் பணிகளைக் கவனிக்க 1985இல் 'ஹிமாங்க்' என்னும் திட்டப் பிரிவு உருவானது.

இச்சாலைகள் பயணிகளுக்குத் திறந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். 1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு வந்தவர்கள் 527 பேர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. கர்துங் லா சாலை 1976இல் போடப்பட்டாலும் பொது வாகனங்களுக்கு 1988இல்தான் திறந்தது. மணாலி – லே சாலை 1989இல் பொதுமக்களுக்கு வாய்த்தது. நூப்ரா 1994இல் பயணிகளை ஏற்றது. ஒவ்வொரு முறையும் படைக்குப் பின்னரே பயணி வந்தார். இன்று 'யாரும் தொடாத இயற்கை' என்று வியக்கப்படும் காட்சியைக் காணும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது படைவண்டிக்காக வெட்டிய வளைவுதான்.

வாகனத்தின் கதையும் இதே தடத்தில் செல்கிறது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கென இந்திய அரசு 350 சிசி புல்லட் வண்டிகள் 800க்கு ஆணை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. கடல்மட்டத்தில் உருவான அந்த வண்டி, அரை நூற்றாண்டுக்குள் மலைப்பயணத்தின் அடையாளமாயிற்று. 2016இல் அதே நிறுவனம் ஒரு வண்டிக்கு 'ஹிமாலயன்' என்றே பெயர் சூட்டியது. காவலுக்குப் பிறந்த வண்டி, காவலுக்குப் பிறந்த சாலையில், விடுதலை உணர்வின் சின்னமாக ஓடுகிறது.

ஐயாயிரம் மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். இயந்திரம் திணறும், புகை கக்கும். ஓட்டுபவருக்கும் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அவர் அங்கே நிற்பது சில நிமிடங்கள்தான். உடனே இறங்கிவிடுவதே நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்.

அதே காற்றில் நாள் முழுதும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் சாலையின் அடியில் தேங்கிய நீர் உறைந்து விரியும்; வெயில் ஏறும்போது உருகும். இப்படி மாறி மாறி நடப்பதால் தார் வெடித்துப் பெயர்ந்துவிடும். ஆகவே லடாக்கின் உயரச் சாலை ஒருமுறை போட்டு முடித்த பொருளன்று. ஆண்டுதோறும் புதிதாகப் போட்டாக வேண்டியது. பனி விலகும் சில மாதங்களுக்குள் கல் உடைத்து, பீப்பாய்களில் தார் காய்ச்சி, சரிந்த மண்ணை வாரி அதைச் செய்பவர்களில் பெரும்பகுதியினர் தற்காலிகக் கூலித் தொழிலாளர்கள். ஜார்க்கண்டின் துமகா பகுதியிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறார்கள். துமகாவிலிருந்து வருபவர்களில் சந்தால் பழங்குடியினர் பலர். சமவெளியில் பிறந்து, கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு புகையில் நிற்கும் அவர்களைக் கடந்துதான் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் செல்கிறது.

நாட்டின் பார்வை ஒருமுறை அவர்கள்மேல் விழுந்தது. 2020இல் பொதுமுடக்கத்தின்போது லடாக்கில் சிக்கிக்கொண்ட ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் 60 பேரை அம்மாநில அரசு மே 29 அன்று லேயிலிருந்து ராஞ்சிக்கு விமானத்தில் அழைத்துவந்தது. ஊதியம், பாதுகாப்பு, இடைத்தரகர் ஆகியவை பற்றிய கேள்விகள் அப்போதுதான் செய்திகளில் பரவலாக எழுந்தன. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 13 அன்று, ஏறத்தாழ 1,600 தொழிலாளர்களுடன் ஒரு சிறப்பு ரயில் துமகாவிலிருந்து எல்லைச் சாலைப் பணிக்காக மீண்டும் புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 15 இரவில், கல்வான் மோதல். பதற்றம் முற்றிய அந்த எல்லையை நோக்கித்தான் அந்த ரயில் போய்க்கொண்டிருந்தது.

மொழியியல் இங்கே ஒரு கேள்வியை எழுப்புகிறது. 'சாலை அமைக்கப்பட்டது', 'கணவாய் திறக்கப்பட்டது' என்றே இவ்வரலாறு எழுதப்படுகிறது. மேலே உள்ள பத்திகளும் அதற்கு விலக்கல்ல. செயப்பாட்டுவினையில் எழுவாயிடத்தைச் செயப்படுபொருள் பிடித்துக்கொள்ளும். செய்தவர் வாக்கியத்தில் இல்லாமலே பொருள் முற்றுப்பெறும். யாரோ ஒருவர் திண்ணையை மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமும் மரபாக ஏற்கிறது. இலக்கணத்துக்கு அதில் குறையில்லை. வரலாற்றுக்கு உண்டு. இன்னொரு பக்கம், பயணக் குறிப்புகள் செய்வினையிலேயே பேசும்: 'கர்துங் லாவை வென்றேன்.' அங்கே எழுவாய் தெளிவாக இருக்கிறது. சாலையைக் கடந்தவருக்கு வாக்கியத்தில் இடம் கிடைக்கிறது. சாலையைப் போட்டவருக்கு இல்லை.

'உலகின் உயரமான சாலை' என்ற பட்டம் இப்போது கர்துங் லாவிடம் இல்லை. 19,024 அடி உயரத்தில் உம்லிங் லா வழியே செல்லும் சாலையை 2021இல் கின்னஸ் நிறுவனம் அங்கீகரித்தது. புதிய பலகை, புதிய எண், புதிய படங்கள். எண்கள் இனியும் மாறும், திருத்தவும் எளிது. வாக்கியத்தின் எழுவாயைத் திருத்துவது அதைவிடக் கடினம். ஆனால் தொடங்குவதற்கு ஒரு வரி போதும்: 'துமகாவிலிருந்து வந்தவர்கள் இச்சாலையைப் போட்டார்கள், இந்த ஆண்டும் போடுகிறார்கள்.'