நான் யார்? (போன்ஹோஃபர் கவிதை)

ஜெர்மானிய லூத்தரன் போதகரும் இறையியலாளருமான டீட்ரிக் போன்ஹோஃபர் (1906–1945) 1944 கோடையில், பெர்லினின் டெகல் ராணுவச் சிறையில் எழுதிய கவிதை. நாஜி ஆட்சியை எதிர்த்ததால் அவர் 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார்.

கவிதை இரண்டு சாட்சியங்களை எதிரெதிரே நிறுத்துகிறது. சிறை அறையிலிருந்து, சொந்த மாளிகையை விட்டு வரும் பிரபுவைப் போல நிதானமாக வெளிவருகிறார் என்கிறார்கள் மற்றவர்கள். காவலர்களிடம்கூட அதிகாரம் உள்ளவராகவே பேசுகிறாராம். அவர் தம்முள் காண்பதோ வேறு: கூண்டுக்குள் அடைபட்ட தவிப்பு, பூக்களுக்கும் பறவைக் குரல்களுக்கும் ஏங்கும் மனம், ஜெபிக்கவும் இயலாத களைப்பு. இவற்றில் எது உண்மை, அல்லது இரண்டுமேவா என்ற கேள்விக்கு அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. தாம் யாராயினும் தம்மைத் தேவன் அறிவார், தாம் அவருக்கே உரியவர் என்று முடிக்கிறார்.

கவிதையின் ஆழமே இதுதான். பலவீனத்தை மறைக்காமலேயே விசுவாசம் பேசுகிறது. விசுவாசியின் ஜீவன் கிறிஸ்துவுடன் தேவனுக்குள் மறைந்திருக்கிறது என்ற பவுலின் போதனையும் (கொலோசெயர் 3), மனிதனின் நீதி அவனுக்கு வெளியே, கிறிஸ்துவிடம் இருக்கிறது என்ற லூத்தரின் போதனையும் இங்கே ஒரு கைதியின் அனுபவமாகின்றன. ஊரார் மதிப்பும் சுயமதிப்பும் அன்றாடம் மாறலாம். தேவனுக்கு உரியவன் என்ற அடையாளம் அவற்றைச் சார்ந்ததல்ல.

போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். நண்பர் எபர்ஹார்ட் பெத்கே 1951இல் தொகுத்து வெளியிட்ட சிறைக் கடிதங்களில் இக்கவிதையும் இடம்பெற்றது.