ஆஸ்பிரின் யாருக்கு ஆகாது? ஒரு மரபணுத் தேடலின் கதை

டைபாய்டு சந்தேகம் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் 'வைடால் டெஸ்ட்' பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஃபெர்னான் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர். டைபாய்டு சோதனையை அவர் அறிவித்தது 1896இல். அதே விடால் 1922இல் இன்னொரு காரியமும் செய்தார். அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஆஸ்துமா இருந்த ஒரு நோயாளி. மூக்குக்குள் சதை வளர்ச்சியும் இருந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சு இரைத்தது. இந்த மூன்றும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல, ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று விடாலும் அவருடைய சகாக்கள் அப்ராமியும் லெர்மொயேவும் எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளிக்கு ஆஸ்பிரினைக் கொடுத்து, மூச்சுத்திணறல் வருவதைக் கண்ணால் பார்த்தார்கள். பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, அதே மருந்தை அந்த உடம்பு தாங்கும்படி பழக்கினார்கள். (வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாத வேலை இது. உயிர் போய்விடும்.)

ஆஸ்பிரினுக்கு அப்போது வயது அதிகமில்லை. ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதைத் தூய வடிவில் தயாரித்தது 1897இல். கடைக்கு வந்தது 1899இல். 1902லேயே, மாத்திரை போட்டதும் உடம்பில் தடிப்பும் வீக்கமும் வந்த ஒரு நோயாளியைப் பற்றி ஜெர்மனியில் ஹிர்ஷ்பெர்க் என்பவர் எழுதிவிட்டார். 1919இல் அமெரிக்காவின் ராபர்ட் குக், ஆஸ்பிரினால் ஆஸ்துமா கிளம்புவதைப் பதிவு செய்தார். தலைவலிக்குப் போடும் மாத்திரை ஒரு சிலருக்கு மூச்சையே அடைக்கிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஏன் அந்தச் சிலருக்கு மட்டும்? இந்தக் கேள்விதான் நூறு வருடத்துக்கு மேலாக இழுத்தடிக்கிறது.

விடால் எழுதியது பிரெஞ்சில். ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1968இல் சிகாகோவில் மாக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்ஸும் இதே மூன்றையும் சேர்த்து விரிவாக எழுதினார்கள். உடனே 'சாம்டர் முக்கூட்டு' என்று பெயர் விழுந்தது. 46 வருடம் முன்பே சொன்னவரின் பெயர் டைபாய்டோடு நின்றுபோனது. ஆனாலும் சாம்டரின் வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. இது வழக்கமான அலர்ஜி இல்லை என்று அழுத்திச் சொன்னவர் அவர். அலர்ஜி என்றால் உடம்பு ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை அடையாளம் கண்டு எதிர்க்க வேண்டும். இந்த நோயாளிகளுக்கோ ஆஸ்பிரினுடன் எந்த வேதியியல் சொந்தமும் இல்லாத இண்டோமெதாசின் போன்ற மாத்திரையும் ஆகவில்லை! அப்படியானால் மருந்தின் உருவத்தில் எதுவும் இல்லை. அது செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

என்ன வேலை? 1971இல் லண்டனில் ஜான் வேன் விடை சொன்னார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. (இதற்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) போலந்தின் க்ராக்கோவ் நகரில் ஆந்த்ஜெய் ஷ்செக்லிக் என்ற மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார். உச்சரிக்கக் கஷ்டமான பெயர்தான், ஆனால் இந்தக் கதையின் நாயகன் அவரே. சக ஆய்வாளர் கிரிக்லெவ்ஸ்கியுடன் சேர்ந்து, ஆஸ்பிரின் ஆகாத நோயாளிகளிடம் பல வலி நிவாரணிகளைச் சோதித்தார். புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் எல்லாம் இழுப்பைக் கொண்டுவந்தன. பாரசிட்டமால் போலத் தடுக்காதவை கொண்டுவரவில்லை. 1975இல் இது வெளிவந்தது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சுத்தமான சோதனைகள் குறைவு.

மீதிப் பாதி ஸ்வீடனிலிருந்து வந்தது. அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து உடம்பு இரண்டு வழிகளில் சரக்கு தயாரிக்கிறது. ஒரு வழியில் புரோஸ்டாகிளாண்டின். மறு வழியில், மூச்சுக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் இன்னொரு வகைப் பொருள். 1979இல் பெங்ட் சாமுவெல்சன் குழுவினர் அதற்கு லூக்கோட்ரையீன் என்று பெயர் வைத்தார்கள். புரோஸ்டாகிளாண்டின் வகையில் ஒன்று இந்த லூக்கோட்ரையீனுக்கு பிரேக் மாதிரி. ஆஸ்பிரின் போட்டால் பிரேக் கழன்றுவிடுகிறது. இந்த நோயாளிகளின் சிறுநீரில் லூக்கோட்ரையீனின் மிச்சம் சாதாரண நாட்களிலேயே அதிகம் என்றும், ஆஸ்பிரின் போட்டதும் அது எகிறுகிறது என்றும் 1990களின் தொடக்கத்தில் அளந்து காட்டினார்கள்.

ஆனால் ஆஸ்பிரின் போடும் எல்லோருக்கும்தான் பிரேக் கழல்கிறது. கோடிக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே! ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கும்தான் இது வருகிறது என்று 2015இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். பிறவியிலேயே ஏதோ வித்தியாசம் இருக்கிறதோ என்ற சந்தேகம் இங்கேதான் நுழைகிறது. 1973லேயே அமெரிக்காவின் ரிச்சர்ட் லாக்கியும் சகாக்களும், ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வந்ததை எழுதியிருந்தார்கள்.

1997இல் க்ராக்கோவிலிருந்து பெரிய செய்தி வந்தது. லூக்கோட்ரையீன் தயாரிப்பில் கடைசிக் கட்டத்துக்கு அருகே நிற்கும் நொதி ஒன்று உண்டு, எல்.டி.சி.4 சிந்தேஸ் என்று. அதற்கான மரபணு 5ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவுக்கு முன்னால், அதைத் தூண்டிவிடும் பகுதியில், ஒரே ஒரு எழுத்து சிலருக்கு மாறியிருக்கிறது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. ஆஸ்பிரின் ஆகாதவர்களிடம் இந்த 'சி' அதிகம் என்று மாரெக் சனாக்கும் ஷ்செக்லிக்கும் அறிவித்தார்கள். மறு வருடமே இன்னொரு ஆதாரம் சேர்ந்தது. இந்த நோயாளிகளின் மூச்சுக்குழாய்த் திசுவை எடுத்துப் பார்த்தபோது, அந்த நொதி உள்ள செல்கள் மற்ற ஆஸ்துமாக்காரர்களைவிட 5 மடங்கும், நோயில்லாதவர்களைவிட 18 மடங்கும் இருந்தன. குற்றவாளி சிக்கிவிட்டான் என்றே தோன்றியது.

இதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்துமா நோயாளி ஒருவர் பல்வலிக்காகக் கடையில் ஒரு மாத்திரை வாங்குகிறார். தனக்கு அது ஆகாது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வருவது மாத்திரை உள்ளே போன பிறகுதான், சிலருக்கு அரை மணி நேரத்தில். ஒரு சொட்டு ரத்தத்தில் முன்கூட்டியே சொல்ல முடிந்தால்?

முடியவில்லை. 2000இல் அமெரிக்க நோயாளிகளிடம் தேடியபோது அந்த 'சி' தொடர்பு தென்படவில்லை. ஜப்பானில் 2002இல் இருக்கிறது என்றார்கள். கொரியாவில் 2004இல் இல்லை என்றார்கள். அங்கே வேறொரு நொதியின் மரபணு (5-லிப்பாக்சிஜினேஸ்) சம்பந்தப்பட்டதாகத் தெரிந்தது. அதே 2004இல் ஜப்பானில் 63 மரபணுக்களைச் சலித்துப் பார்த்த குழு, புரோஸ்டாகிளாண்டின் இ2 வந்து அமரும் ஏற்பி ஒன்றின் மரபணுவைக் காட்டியது. பிரேக்கே பழுது என்பது மாதிரி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு நாட்டின் விடை அடுத்த நாட்டில் செல்லுபடியாகவில்லை.

காரணங்கள் ஊகிக்கக்கூடியவையே. பல ஆய்வுகளில் நோயாளிகள் நூறு, இருநூறு பேர்தான். சில இடங்களில் ஆஸ்பிரின் கொடுத்துச் சோதித்து உறுதி செய்தவர்கள், சில இடங்களில் வாய்வார்த்தையை நம்பிச் சேர்க்கப்பட்டவர்கள். ஒரு மக்கள்கூட்டத்தில் சாதாரணமாக இருக்கும் எழுத்து மாற்றம் இன்னொன்றில் அபூர்வம். ஒரே எழுத்தின் தலையில் முழு நோயையும் கட்டியது அவசரம்தான்.

கொஞ்சமாவது தாக்குப்பிடித்தது எச்.எல்.ஏ. என்ற எதிர்ப்புச் சக்தி மரபணுக் கூட்டம். அதில் டி.பி.பி.1 என்ற மரபணுவின் ஒரு வகை ஆஸ்பிரின் ஆகாதவர்களிடம் அதிகம் என்று ஐரோப்பாவில் 1997இல் சொன்னதை, கொரியாவிலும் 2004இல் கண்டார்கள். 2013இல் கொரியர்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோதும் அதே டி.பி.பி.1 தலைகாட்டியது. இது அலர்ஜி இல்லை என்று சாம்டர் சொன்ன நோயில் எதிர்ப்புச் சக்தி மரபணுவுக்கு என்ன வேலை? அந்த முடிச்சு அவிழவில்லை.

ஷ்செக்லிக் குழுவே 2000இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு, மரபணு வேட்டைக்காரர்களை யோசிக்க வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் 10 நாடுகளில், 16 மருத்துவ மையங்களில், 500 நோயாளிகள். அவர்களில் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்தது சுமார் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே! பெரும்பாலோருக்கு நோய் சராசரியாக 30 வயதுக்குப் பக்கத்தில், ஒரு சாதாரணச் சளி போலத் தொடங்குகிறது. அந்தச் சளி போவதே இல்லை. பிறகு ஆஸ்துமா, பிறகு மூக்கில் சதை. ஏதோ ஒரு வைரஸ் பற்றவைக்கிறது என்று ஷ்செக்லிக் 1988லேயே எழுதியிருந்தார். அந்த வைரஸும் சிக்கவில்லை. அவர் 2012இல் காலமானார்.

சிகிச்சை மட்டும் மரபணுவுக்காகக் காத்திருக்கவில்லை. லூக்கோட்ரையீனை மறிக்கும் மாண்டெலுகாஸ்ட் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூக்குச் சதைக்கு டூபிலுமாப் ஊசி 2019இல் வந்தது.

யாருக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று உறுதியாகச் சொல்ல இன்றும் மருத்துவமனையில் செய்வது என்ன தெரியுமா? நோயாளியை உட்காரவைத்து, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆஸ்பிரினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, மூச்சை அளந்து பார்ப்பதுதான். விடால் 1922இல் செய்த அதே காரியம். அவர் செய்த இரண்டாம் பாதியை, அதாவது பழக்குவதை, 1980இல் கலிஃபோர்னியாவில் டொனால்ட் ஸ்டீவன்சன் குழு முறைப்படுத்தியது. பழகிய பின் தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறவர்களுக்கு மூக்குச் சதை மீண்டும் வளர்வது குறைகிறது. ஆனால் இரண்டு நாள் முதல் ஐந்து நாள் வரை மாத்திரையை விட்டால் போதும். உடம்பு பழையபடி ஆகிவிடும், மறுபடி முதல் துளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.